மாடிக்குப் போன கேள்வி

கணக்கில் நான் ஒரே ஒரு முறைதான் தோற்றிருக்கிறேன். அதற்குக் காரணம் கணக்கு இல்லை, என் வீட்டுக்காரர். இதை அவர் காதுபடவே பல தடவை சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று புதிதாகக் கொண்டுவந்த நேரம் அது. அதுவரை எங்கள் பள்ளிக்கூடம் எஸ்.எஸ்.எல்.சி.யோடு முடிந்துவிடும். மேலே படிக்க நினைக்கிற பெண்கள் கல்லூரிக்குப் போய் பி.யு.சி. சேர்வார்கள். தூத்துக்குடியில் சிஸ்டர்கள் நடத்திய எங்கள் பெண்கள் பள்ளியையும் மேல்நிலைப் பள்ளி ஆக்கினார்கள். எம்.எஸ்ஸி. படித்த டீச்சர் யாராவது வந்து சேரும்வரை பிளஸ் ஒன் கணக்கை இருக்கிறவர்களில் ஒருத்தர் எடுக்க வேண்டும் என்று முடிவானது. பள்ளியில் பி.எஸ்ஸி. கணக்கு படித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி.

தலைமைச் சிஸ்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, லீவில் கல்லூரியில் புதுக் கணக்குக்குப் பயிற்சி வகுப்பு நடக்கும், இரண்டு பேரும் போக வேண்டும், முடிவில் பரீட்சை உண்டு, அதில் யார் அதிக மார்க் வாங்குகிறார்களோ அவர்களுக்குப் பிளஸ் ஒன் என்றார். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்பது அந்த சிஸ்டருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் இரண்டு நாற்காலியையும் ஒட்டிப் போட்டு உட்கார வைத்திருந்தார். நான் என் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன். அவளும் நகர்த்திக்கொண்டாள்.

எனக்கு அந்த வகுப்பு வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதலாக எட்டாவதுக்கும் ஒன்பதாவதுக்கும் அதே லாப நட்டம், அதே தனிவட்டி, தொட்டியை நிரப்புகிற அதே இரண்டு குழாய். மூளையில் பாசி பிடித்துவிட்டது. அவள் எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவள். பள்ளியில் இடம் காலி என்று வீட்டில் சொன்னதே நான்தான். அவள் பிளஸ் ஒன்னுக்குப் போய், நான் ஒன்பதாவதிலேயே கிடந்தால், ஸ்டாஃப் ரூமில் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது? பார்ப்பதே இல்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் வீடு பழைய துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் இருந்தது. கீழே நாங்கள், மாடியில் அவர்கள். தோணிகள் கட்டிக் கிடக்கிற இடத்திலிருந்து கருவாட்டு வாடையும் உப்புக் காற்றும் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக வரும். பொதுவாக இருந்தது அவ்வளவுதான். மணப்பாட்டில் என் அம்மா இறந்தபோது இவள் வரவில்லை. அடக்கத்துக்கு வரவில்லை, ஏழாம் நாள் பூசைக்கும் வரவில்லை. ஊரே வந்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் ஆத்தூரிலிருந்தும் மாப்பிள்ளையூரணியிலிருந்தும் பஸ் பிடித்து வந்தார்கள். ஒரே வீட்டில் இருக்கிறவள் வரவில்லை. அன்றோடு நான் பேச்சை நிறுத்தினேன். நான் நிறுத்தியதும் அவளும் நிறுத்தினாள், ரொம்ப வசதியாக.

ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதையும் சொல்லாமல் இருக்க முடியாது. மேலிருந்து தண்ணீர் ஒழுகும், கொடியில் துணி மாறிவிடும், ரேடியோ அலறும். சத்தம் போட்டால் சந்து முழுக்கக் கேட்கும். டீச்சர் வீட்டுச் சண்டை சந்துக்கு வரக்கூடாது. எனவே நான் என் வீட்டுக்காரரிடம் சொல்வேன். தம்பி மனைவியோடு மூத்தவர் நேருக்கு நேர் நின்று பேசுகிற வழக்கம் எங்களில் கிடையாது. அவர் குரல் கேட்டாலே அவள் உள்ளே போய்விட வேண்டும். ஆகவே அவர் தம்பியிடம் சொல்வார். தம்பி தன் மனைவியிடம் சொல்வான். பதில் அதே வழியில் இறங்கி வரும். கொழுந்தனோடு நான் நேராகப் பேசலாம், அதில் தப்பில்லை. ஆனால் தன் மனைவியோடு பேசாதவளோடு தனக்கும் பேச்சில்லை என்று அவனே முறைத்துக்கொண்டு போய்விட்டான்.

இந்த இரண்டு ஆண்களையும் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் குமாஸ்தா. கஸ்டம்ஸ் ஆபீசர் ஒரு பக்கம் திட்டுவார், தோணிக்காரர்கள் ஒரு பக்கம் திட்டுவார்கள். இவர் நடுவில் நின்று, திட்டை எல்லாம் வடிகட்டி, இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டே சரக்கை வெளியே எடுப்பார். தங்கமான மனுஷன் என்று ஊர் சொல்லும். ஊர் அவரோடு குடித்தனம் நடத்தவில்லை. கொழுந்தன் புதுத் துறைமுகத்தில் ஃபோர்மேன். கிரேன் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகியவன். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாலும் கப்பலில் தீப்பிடித்த மாதிரிதான் கேட்பான். யார் எதைச் சொல்லிவிட்டாலும் தன் பங்குக்கு இரண்டு வார்த்தை சேர்க்காமல் விடமாட்டான்.

பயிற்சி வகுப்பு எடுக்க வந்தவர் சின்ன வயது லெக்சரர். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். எடுத்த எடுப்பிலேயே, "நீங்க படிச்ச கணக்கையெல்லாம் மறந்துருங்க டீச்சர்" என்றார். அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது. நான் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் உட்கார்ந்து படித்த கணக்கு அது. அதை மறக்கச் சொல்ல இவர் யார்? போர்டில் கோழிமுட்டை போல இரண்டு வட்டம் போட்டார். இந்த முட்டைக்குள் இருக்கிற எண்ணிலிருந்து அந்த முட்டைக்குள் இருக்கிற எண்ணுக்கு அம்பு விட்டார். இதுதான் சார்பு என்றார். ஒன்றைப் போட்டால் ஒன்று வரும், அரவை மில் மாதிரி என்றார். மாவு மில்லுக்கு அவர் ஒரு நாளாவது போயிருப்பாரா என்று சந்தேகம்தான்.

ஒரு சார்பு செய்து முடித்ததை இன்னொரு சார்பு வாங்கிச் செய்வது சேர்ப்பு. அதைச் சொல்லிக்கொடுக்கிற அன்று அவருக்கு ஒரு விபரீத யோசனை வந்தது. "ரெண்டு டீச்சரும் ஒரே வீடுன்னு சொன்னாங்க. வாங்க, ரெண்டு பேரும் போர்டுக்கு" என்றார். ஹாலில் இருந்த எங்கள் பள்ளி டீச்சர்கள் இருமினார்கள். நான் எழுந்து போனேன். போகாவிட்டால் பயந்ததாகிவிடும். அவளும் வந்தாள்.

நான் எஃப் என்ற சார்பாம். எந்த எண் வந்தாலும் இரட்டிப்பாக்க வேண்டும். அவள் ஜி. எது வந்தாலும் மூன்று கூட்ட வேண்டும். முதலில் நான், பிறகு அவள். ஒரு எண்ணை நீங்களே எடுங்கள் என்றார். பதினேழின் கீழ் பத்தொன்பது என்று எடுத்தேன். வேண்டுமென்றேதான் எடுத்தேன். இரட்டிப்பாக்கி, முப்பத்துநான்கின் கீழ் பத்தொன்பது என்று எழுதிவிட்டு, சாக்பீஸை அவள் கையில் கொடுக்காமல் பலகையின் விளிம்பில் வைத்தேன். அவள் அதை எடுக்கவில்லை. வேறு சாக்பீஸ் எடுத்து, தொண்ணூற்றொன்றின் கீழ் பத்தொன்பது என்று யோசிக்காமல் எழுதினாள். கெட்டிக்காரிதான். கெட்டிக்காரி இல்லை என்று நான் எப்போதும் சொன்னதில்லை.

பிறகு ஆளை மாற்றினார். அதே எண், முதலில் அவள், பிறகு நான். நூற்று நாற்பத்தெட்டின் கீழ் பத்தொன்பது வந்தது. "பாத்தீங்களா, ஆள் அதேதான், வரிசை மாறினா விடை மாறுது" என்றார். அது எனக்கு நன்றாகவே புரிந்தது. என் வீட்டில் நடப்பதுதானே. புரியாமல் போனது அவர் அதை எழுதிய விதம். முதலில் நான் செய்கிறேன், பிறகு அவள் செய்கிறாள். ஆனால் எழுதும்போது ஜி முன்னால், நடுவில் ஒரு குட்டி வட்டம், எஃப் பின்னால். முதலில் வேலை செய்தவள் நான், பெயர் மட்டும் அவளுடையது முன்னால். "இது என்ன நியாயம்?" என்று கேட்டேன். "வழக்கம் டீச்சர்" என்று சிரித்தார். ஹால் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள், தலையைக் குனிந்துகொண்டு.

அதற்குப் பிறகு அவர் நடத்தியது என் காதில் சரியாக விழவில்லை. அவருக்குக் கொடுக்க வேண்டிய பதிலை யோசித்துக்கொண்டிருந்தேன். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கிறது. எல்லாச் சார்பையும் திருப்பிவிட முடியாது என்றார். "எதைப் போட்டாலும் அஞ்சுதான் வரும்னு ஒரு சார்பு இருக்குன்னு வைங்க. அஞ்சு வந்திருக்கு. உள்ள போட்டது என்னன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? முடியாது. அதுக்கு நேர்மாறு கிடையாது." அதைக் குறித்துக்கொண்டேன். எவனாவது அப்படி ஒரு சார்பை எதற்கு வைத்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

சேர்ப்பை எப்படித் திருப்புவது என்பதை அன்று கடைசியில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் எனக்குச் சந்தேகம். இரண்டு பேர் செய்ததைக் கழற்ற வேண்டும். யாருடையதை முதலில் கழற்றுவது? எழுதும்போதே தலைகீழாக எழுதித் தொலைத்துவிட்டார்கள். அதை இன்னொரு முறை தலைகீழாக்கினால் பழையபடி நேராகிவிடும். ஆகவே முதலில் செய்ததை முதலில் கழற்றி, அடுத்துச் செய்ததை அடுத்துக் கழற்றினால் போதும் என்று எனக்குப் பட்டது. சும்மா படவில்லை, போட்டும் பார்த்தேன். மூன்று கூட்டு, பிறகு ஐந்து கூட்டு. திருப்பும்போது மூன்றை முதலில் கழித்தேன், பிறகு ஐந்தை. எடுத்த எண் கச்சிதமாகத் திரும்பி வந்தது. இரண்டுமே கூட்டலாக இருந்தால் எந்த வரிசையில் கழித்தாலும் வரத்தான் செய்யும் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல். பரீட்சை நெருங்கிவிட்டது. லெக்சரரிடம் கேட்க மாட்டேன், சிரித்த மனுஷன். வகுப்பில் மற்றவர்களுக்கு என்னைவிடக் குழப்பம். புரிந்தவள் ஒருத்திதான். அவள் மாடியில் இருந்தாள், என் தலைக்கு நேர் மேலே நடந்துகொண்டிருந்தாள். சீட்டில் எழுதிக் கேட்கலாம். ஆனால் எழுதினால் என் கையெழுத்து அவள் அலமாரியில் காலத்துக்கும் இருக்கும். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவாள். வாயால் கேட்டால், கேட்கவே இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். நிறுத்தி உட்கார வைத்தேன்.

"மேல ஒரு சங்கதி கேக்கணும். ஒங்க தம்பிட்டச் சொல்லி அவளக் கேக்கச் சொல்லணும்."

"ஏளா, இப்ப எதுக்கு வம்பு?"

"வம்பு இல்ல, கணக்கு. நேர்மாறு எடுக்கும்போது, செஞ்ச வரிசையிலேயே திருப்புதேன். அது சரியா, தப்பா. இதத்தான் கேக்கணும். சொல்லுங்க பாப்போம்."

"நேர்மாறு எடுக்கும்போது செஞ்ச வரிசையிலேயே திருப்புதா. சரியா, தப்பா."

திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். கோயிலில் புதுநன்மை என்று முதல் நற்கருணை வாங்கப்போகிற பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி, ஒரு எழுத்து பிசகாமல் வருகிறவரைக்கும் விடவில்லை. மேலே போகிற வழியை அப்படிப் பூட்டுப் போட்டுப் பத்திரப்படுத்தினேன். கீழே வருகிற வழிக்குப் பூட்டுப் போட வேண்டும் என்று தோன்றவில்லை.

அவர் மாடிப்படியில் பாதி ஏறி நின்று தம்பியைக் கூப்பிட்டார். தம்பி உள்ளே போனான்.  பிறகு தம்பி வெளியே வந்து என்னவோ சொன்னான். அவன் குரலைக்கூட அன்று காற்று அடித்துக்கொண்டு போய்விட்டது. நான் குசினியில் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்காரர் இறங்கி வந்தார். முகத்தில் அதே சிரிப்பு.

"என்ன சொன்னா?"

"நீ போடுறது சரிதானாம்."

"வேற ஒண்ணும் சொல்லலியா?"

"வேற என்ன? சரின்னு சொல்லிட்டா. சோத்தப் போடு."

பரீட்சை அன்று கேள்வித்தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. போர்டில் எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்துச் செய்த அதே கணக்கு. ஒரு எண்ணை இரட்டிப்பாக்கி, பிறகு மூன்று கூட்டுகிறோம். இந்தச் சேர்ப்பின் நேர்மாறு என்ன, பொது விதியையும் எழுதி நிறுவுக. அதிக மார்க் உள்ள கேள்வியே அதுதான். முதலில் பாதியாக்கு, பிறகு மூன்றைக் கழி என்று எழுதினேன். விதியையும் அப்படியே எழுதி, கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று கோடெல்லாம் போட்டேன். அவள் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். அந்த ஒரு நாள் அவள் முதுகைப் பார்த்து எனக்குக் கோபம் வரவில்லை. பகையாளியாக இருந்தாலும் கணக்கில் பொய் சொல்லவில்லையே என்று நினைத்தேன்.

பள்ளி திறப்பதற்கு முன்பே தலைமைச் சிஸ்டர் கூப்பிட்டுவிட்டார். பிளஸ் ஒன் அவளுக்கு. "நீங்களும் நல்லாத்தான் எழுதியிருக்கீங்க, ஒரு கேள்விதான் போச்சு" என்று சொல்லி என் விடைத்தாளை நீட்டினார். அந்தக் கேள்வி மேல் சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில், "ஒன்றைப் போட்டுப் பாருங்கள்" என்று எழுதியிருந்தது. சிஸ்டர் முன்னாலேயே மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். ஒன்றை இரட்டிப்பாக்கி மூன்று கூட்டினால் ஐந்து. ஐந்தைத் திருப்பினால் ஒன்று வர வேண்டும். என் விதிப்படி பாதியாக்கினால் இரண்டரை, மூன்றைக் கழித்தால் மைனஸ் அரை. ஒன்று மைனஸ் அரை ஆகிவிட்டது. ஒன்பதாவதுப் பிள்ளை எழுதியிருந்தால் நான் காதைத் திருகியிருப்பேன். கடைசியில் கூட்டிய மூன்றை அல்லவா முதலில் கழிக்க வேண்டும்? அது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? பக்கத்து நாற்காலியில் அவள், பிளஸ் ஒன் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திட்டம் போட்டுக் கவிழ்த்துவிட்டாள். வீட்டுக்கு நடக்கும்போது என் மனதில் இருந்தது அது ஒன்றுதான். சரி என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் மாற்றி எழுதியிருக்கிறாள். அம்மா சாவுக்கு வராதவள் வேறு என்ன செய்வாள்? வெயிலில் உப்பளத்துப் பக்கமிருந்து அனல் அடித்தது, என் தலைக்குள் அதைவிட. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. யாரிடமும் எதையும் சொல்லிவிடவில்லை. நானே மாடிப்படி ஏறினேன். அந்தப் படியில் கால் வைத்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்திருந்தவள் மேசைமேல் அந்தப் புத்தகத்தை விரித்துக்கொண்டிருந்தாள். கொழுந்தன் ஷிப்ட் முடிந்து வந்து, இடுப்பில் கட்டிய சாரத்தோடு ஈசிசேரில் கிடந்தான்.

"கணக்குல பொய் சொல்லுதியே, நீயெல்லாம் டீச்சரா?" என்றேன். பேச்சை நிறுத்திய பிறகு அவளிடம் நான் பேசிய முதல் வார்த்தை.

அவள் பயப்படவில்லை. எழுந்து நின்றாள். "யார் பொய் சொன்னா? தப்புன்னுதான சொல்லிவிட்டேன்!"

"சரின்னு சொல்லிவிட்ட!"

"நான் எதுக்குச் சரிம்பேன்? தப்பு, கடைசியில செஞ்சத முதல்ல திருப்பணும்னு அக்காட்டச் சொல்லச் சொல்லுங்கன்னு சொன்னேன். இன்னா இவியள்ட்ட கேளுங்க!"

கொழுந்தன் சந்துக்கே கேட்கிற மாதிரி கத்தினான். "ஆமா மதினி! அண்ணன்ட அப்பிடியேதான் சொன்னேன்! தப்பாம், கடைசியில செஞ்சதுதான் முதல்லயாம், இதுகூடத் தெரியாம மண்டையில என்ன களிமண்ணான்னு கேக்கான்னு சொன்னேன்!"

"களிமண்ண நான் சொல்லல," என்றாள் அவள்.

"அது நான் சேத்தது," என்றான் அவன்.

மூன்று பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தோம். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் மாடிப்படியில், வழக்கமாக நிற்கிற அந்தப் பாதிப் படியில், வந்து நின்றுகொண்டிருந்தார். தம்பி மனைவி எதிரே நிற்கிறாள் என்பதால் தலையைக் குனிந்திருந்தார்.

"களிமண்ணுன்னு சொன்னா நீ சும்மா இருப்பியா? சண்டை வரும். அதான் சரின்னு சொல்லிட்டேன். எல்லாம் நல்லதுக்குத்தான்," என்றார்.

  அவள்தான் ஆரம்பித்தாள்.

"அப்போ போன மாசம் ரேடியோ?"

"கொறைக்காட்டா மெயினப் புடுங்கிருவேன்னு சொல்லிவிட்டேன்," என்றேன்.

"கீழ ரேடியோ கேக்குதாம், சரியாம்னு வந்துது. நீங்களும் கேக்கியன்னுதான் கூட்டி வச்சேன்."

அப்படியே பின்னோக்கிப் போனோம். ரேடியோவுக்கு முன்னால் கொடித் துணி. அதற்கு முன்னால் தண்ணீர் ஒழுகியது. அதற்கு முன்னால் என் மகளுடைய புதுநன்மை. அதற்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன். எத்தனை மணிப் பூசை என்று கேட்டுவிட்டாளாம், 'சரி' என்று பதில் போனதாம். மணி கேட்டதற்குச் சரி என்றால் வராதே என்றுதான் அர்த்தம் என்று எடுத்துக்கொண்டாளாம். அவள் கேட்டதே எனக்குத் தெரியாது. கடைசிச் சண்டையிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போனோம், குரலைத் தாழ்த்தாமல், ஒருவரை நோக்கி ஒருவர் கையை நீட்டிக்கொண்டு. சந்தில் இரண்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசியில் மிச்சமிருந்தது முதல் சண்டை. அதை யாரும் வாயில் எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன்.

"எங்கம்மா சாவுக்கு ஏன் வரல?"

அவள் முகம் மாறிவிட்டது. "நான் கெளம்பி நின்னேங்க்கா. நீங்க மணப்பாட்டுல இருந்திய. நான் வரட்டுமா, இல்ல ஒங்க கிளாஸையும் சேத்துப் பாத்துக்கிட்டு இங்கனயே இருக்கட்டுமான்னு அக்காட்டக் கேக்கச் சொன்னேன். அத்தான் திரும்பி வந்து, சரின்னு சொல்லிட்டாளாம்னு இவியள்ட்ட சொன்னாவ. இருக்கச் சொல்லிட்டியன்னு இருந்தேன். ஒங்க மூணு கிளாஸையும் நான்தான் பாத்தேன். நீங்க வந்து ஒரு வார்த்தை கேக்கல. மூஞ்சியத் திருப்பிக்கிட்டிய."

நான் படியைப் பார்த்துக் கேட்டேன். "இவ அப்படிக் கேட்டாளா? நீங்க வந்து என்னக் கேட்டியளா? நான் என்ன சொன்னேன்?"

என் வீட்டுக்காரர் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். "என்னமோ கேட்டா. நீ அழுதுக்கிட்டுக் கெடந்த. ஒன்னக் கேட்டேனா இல்லையான்னு இப்ப எனக்கு நெனவு இல்ல. சரின்னு சொன்னா ஒருத்தருக்கும் மனத்தாங்கல் வராதேன்னு சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் பின்னால் போக முடியவில்லை. அவள் உண்மையிலேயே அப்படித்தான் கேட்டாளா, இப்போது சமாளிக்கச் சொல்கிறாளா? என்னிடம் வந்து சேர்ந்தது, "சரி விடு, அவ வரல" என்ற வார்த்தை. எதைப் போட்டாலும் சரி என்றே வெளியே வருகிற ஒரு மனுஷனிடமிருந்து உள்ளே போனது என்ன என்று எப்படித் திருப்பி எடுப்பது? லெக்சரர் சொன்ன ஐந்தை நான் வகுப்பில் குறித்துக்கொண்டேன், ஆனால் வீட்டில் அதோடுதான் சோறு தின்றுகொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. அவள் சொல்வதை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லாமல் போனது. அது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

அம்மாவைப் பெட்டியில் வைத்து மூடும்போது நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இவள் வருவாள் என்று. அவ்வளவு கோபத்துக்கும் அடியில் கிடந்தது அந்த ஒரு பார்வைதான். அதை அவளிடம் சொல்லவில்லை. "பிளஸ் ஒன் எனக்கு வரவேண்டியது," என்று மட்டும் சொன்னேன்.

"மார்க் வாங்குனது நான்," என்றாள் அவள். "பாவம் பாத்து விட்டுக்குடுக்க மாட்டேன். இந்தக் கேள்வி இல்லாட்டாலும் நான்தான் ஜெயிச்சிருப்பேன்."

"அதையும் பாத்திருப்போம்," என்றேன்.

நாங்கள் தழுவிக்கொள்ளவும் இல்லை, அழவும் இல்லை. எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெளிவாகத் தெரிந்தது. அன்றிலிருந்து நேருக்கு நேராகவே சண்டை போட்டோம். அவள் சொன்னது எனக்குக் கேட்டது, நான் சொன்னது அவளுக்குக் கேட்டது. அந்த அளவுக்கு நிம்மதி.

ஆனால் ஒருத்தரோடு பேச்சை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்ற அளவுக்கு எனக்குள் கோபம் இருந்தது. கீழே இறங்கி வந்து உலை வைத்தேன், குழம்பு வைத்தேன், தட்டைப் போட்டேன். என் வீட்டுக்காரர் கை கழுவிவிட்டு மேசை முன்னால் வந்து உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் போய் நின்று ஓரகத்தியைக் கூப்பிட்டேன். "ஏளா, சோறு வச்சாச்சு, போட்டுத் திங்கச் சொல்லு," என்றேன். அத்தானிடம் அவள் நேராகச் சொல்லக்கூடாது அல்லவா? உள்ளே போய்த் தன் புருஷனிடம் சொன்னாள். கொழுந்தன் மாடியிலிருந்து, கப்பலில் தீப்பிடித்த மாதிரி, "அண்ணே! சோறு வச்சாச்சாம்! கை இருக்குல்லா, போட்டுத் தின்னணுமாம்!" என்று கத்தினான். கை இருக்குல்லா என்பது அவன் சேர்த்தது.

மேசைக்குத் திரும்பி வந்த எனக்கு எதிரே, கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கி மாடியைப் பார்த்து, "சரி" என்றார்.